உயிரியல் பிரிவு, மருத்துவம் எட்டவில்லை: யாழ்ப்பாணத்தில் எதை முதல் விருப்பமாக எழுதுவது?

கப்பூதூரான்:
அனைவருக்கும் வணக்கம். உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவை உயர்தரப் பரீட்சை எழுதினேன். இரண்டு பி, ஒரு சி. மாவட்ட நிலையைப் பார்த்த அன்றே மருத்துவம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. இப்போது இணைய விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் நிரப்ப வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அப்பா விவசாயத்தை முதலில் போடச் சொல்கிறார். அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்றாம் தடவை எழுதச் சொல்கிறார். ரியூசன் ஆசிரியர் ஒருவர் ‘பயோ சயன்ஸ் படித்து என்ன செய்யப் போகிறாய்’ என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் எனக்கு உயிரியல் உண்மையாகவே பிடிக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் என்ன படிக்கலாம், படித்தவர்கள் எங்கே போகிறார்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் தடவை:
நானும் இதே நிலையில்தான் நிற்கிறேன். நான் திரும்ப எழுதப் போகிறேன். ஒரு வருடம் போனால் போகட்டும், பிறகு ஆயுள் முழுவதும் மனக்குறையோடு இருக்க முடியாது.

கண்டல்மரம்:
தம்பி கப்பூதூரான், நான் இங்கே தாவரவியலில் சிறப்புப் பட்டம் முடித்து இப்போது ஆய்வுப் பட்டம் செய்கிறேன். ‘என்ன செய்யப் போகிறாய்’ என்ற கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அங்கே என்ன நடக்கிறது என்பதை. ஆகவே அதைச் சொல்கிறேன்.

உயிரியல் விஞ்ஞானத்துக்குத் தெரிவாகும் பிள்ளைகள் திருநெல்வேலி வளாகத்தில் உள்ள விஞ்ஞான பீடத்துக்கு வருவார்கள். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், கடற்றொழில் விஞ்ஞானம் ஆகியவற்றிலிருந்து மூன்று பாடங்களோடு படிப்பு தொடங்கும். எந்த மூன்றைச் சேர்த்து எடுக்கலாம் என்பதைப் பதிவு நாளில் பீடத்தின் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் முடித்தால் பொதுப் பட்டம். நான்காவது வருடமும் ஒரே பாடத்தில் நின்று, சொந்தமாக ஓர் ஆய்வும் செய்தால் சிறப்புப் பட்டம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முன்னது ஐந்தாம் மட்டம், 90 கிரெடிட்; பின்னது ஆறாம் மட்டம், 120 கிரெடிட். பெயரளவில் ஒரு வருட வித்தியாசம்தான். ஆனால் உங்களுடைய முழுக் கேள்வியும் அந்த ஒரு வருடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

உயர்தரத்தில் கண்டல் தாவரம் பற்றி ஓரிரு வரிகள் படித்திருப்பீர்கள். கம்பஸில் எங்களைக் காக்கைதீவுப் பக்கம் சேற்றுக்குள் இறக்கினார்கள். அளவுநாடாவைக் கரையிலிருந்து நீரை நோக்கி இழுத்து, குறித்த தூரத்துக்கு ஒருமுறை சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் விழும் நாற்றுகளை எண்ண வேண்டும். மரங்களுக்கு மார்பளவு உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். கண்ணாவின் இலையை வெயிலில் பிடித்துப் பார்த்தால் மினுமினுவென்று உப்புப் பளிங்கு தெரியும், நாக்கில் வைத்தால் கரிக்கும். உள்ளே வந்த உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. பக்கத்தில் பொய்க்கால் போல் வேரூன்றி நிற்கும் கண்டலின் இலையில் அந்தப் பளிங்கு இல்லை. அது பெரும்பகுதி உப்பை வேரிலேயே மறித்துவிடுகிறது. ஒரே சேறு, ஒரே உப்பு, இரண்டு விதமான தீர்வு. அன்று முழுவதும் எனக்கு அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒன்றைப் பார்த்து உங்களுக்கும் ‘ஏன்’ என்று கேட்கத் தோன்றுமானால், இந்தப் படிப்பு உங்களுக்கானது. தோன்றாவிட்டால் நான்கு வருடம் மிகவும் நீளமானது.

பட்டதாரி வலிகாமம்:
அக்கா சொன்ன கண்ணாவும் கண்டலும் உண்மைதான். ஆனால் தம்பிக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும். நான் விலங்கியலும் தாவரவியலும் இரசாயனவியலும் படித்துப் பொதுப் பட்டத்துடன் வெளியேறினேன். அதன் பிறகு நீண்ட காலம் காத்திருந்துதான் ஓர் அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் கிடைத்தது. இன்று நான் செய்யும் வேலையில் நான் படித்த ஒரு சொல்லுக்கும் இடமில்லை. என் அணியில் இப்படிப் பலர். வர்த்தமானியில் ஆராய்ச்சி உத்தியோகத்தர் பதவி வரும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்போம். பெரும்பாலும் சிறப்புப் பட்டம் என்று இருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதினால், பல இடங்களில் நான்கு வருடப் பட்டம் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் கற்பித்து, ஆய்வுகூடத்தில் நிறுத்தி, கடைசியில் படிவம் நிரப்பும் மேசையில் உட்கார வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். இதை யாராவது உரத்துச் சொல்ல வேண்டும்.

இணுவில் தாய்:
என் மகளும் இந்த வருடம்தான் நிரப்புகிறாள், அதனால் கேட்கிறேன். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை திடீரென்று ஆங்கிலத்தில் எப்படிச் சமாளிக்கும்? பகிடிவதை இப்போது எப்படி? பெண் பிள்ளையைச் சேற்றுக்குள்ளும் காட்டுக்குள்ளும் அனுப்புவதென்றால் யார் கூடப் போவார்கள்?

கண்டல்மரம்:
அம்மா, ஆங்கிலம் முதல் அரையாண்டில் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். விரிவுரை கூடப் பரவாயில்லை. செய்முறை அறிக்கை எழுதும்போதுதான் பிள்ளைகள் திணறுவார்கள். என்ன செய்தோம், என்ன கண்டோம், ஏன் அப்படி வந்தது என்பதைச் சொந்த வசனத்தில் எழுத வேண்டும். மனனம் செய்து தப்ப முடியாது. எங்கள் அணியில் ஆங்கிலத்துக்குச் சி எடுத்து வந்த ஒரு தோழி, வாரம் ஒரு அறிக்கையை எழுதித் திருத்தித் திருத்தியே இரண்டாம் வருடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டாள்.

களப்பயணங்களுக்கு விரிவுரையாளர்களும் செயல்விளக்குநர்களும் கூடவே வருவார்கள். வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்தான். மகளுக்குப் பழைய கான்வஸ் சப்பாத்து ஒரு சோடி எடுத்து வையுங்கள். கண்ணாவின் சுவாச வேர்கள் சேற்றிலிருந்து ஆணி மாதிரி நிமிர்ந்து நிற்கும், செருப்போடு போனால் காலைக் கிழிக்கும்.

பகிடிவதைக்கு எதிராக 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அது தண்டனைக்குரிய குற்றம். எது நடந்தாலும் வீட்டுக்கு உடனே சொல்லும்படி மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். புதுப் பிள்ளைகள் வாய் திறக்காமல் இருப்பதுதான் அதைச் செய்கிறவர்களுக்குத் துணை.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்:
பிள்ளைகளுக்கு வணக்கம். வடமராட்சியில் நீண்டகாலம் உயிரியல் படிப்பித்தவன் நான். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கை ஓய்ந்தவன். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகளுக்கு வினாத்தாள்தான் ஞாபகம் வருகிறது. பெயரில் இருக்கும் ‘வெளிக்களம்’, கடலேரிக் கரைக்குப் போய் உயிரியல் பார்க்க வேண்டும் என்ற எண்ணம். எங்கள் ஆள்கள் உயிரியலை எப்படிப் படிக்க விரும்பினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இனி விண்ணப்ப விடயம். ஒவ்வொரு வருடமும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இதே இடத்தில் கவிழ்கிறார்கள், ஆகவே கவனமாக வாசியுங்கள். அனுமதியைக் கவனிக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். உங்கள் இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் உயர்தரப் புள்ளி) போதுமான முதல் பாடநெறியை உங்களுக்குத் தரும். அதற்குக் கீழே நீங்கள் எழுதியவற்றுக்குப் பிறகு வேலையில்லை. ஆகவே போன வருட வெட்டுப்புள்ளியை, அதாவது தெரிவான கடைசிப் பிள்ளையின் புள்ளியைப் பார்த்து ‘இது கிடைக்காது’ என்று ஆசைப்பட்டதைக் கீழே தள்ளக் கூடாது. கிடைக்காததை மேலே எழுதினால் நட்டமில்லை, அது தானாகக் கழியும். விரும்பாததை மேலே எழுதினால்தான் நட்டம், ஏனென்றால் அது கிடைத்துவிடும்.

விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீடு. அதனால் கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியும் உங்களுடையதும் ஒன்றாக இராது. அடுத்த வீட்டுக்காரரின் உறவுப்பிள்ளை வேறு மாவட்டத்தில் எதற்குத் தெரிவானது என்பதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள்.

மூன்றாம் தடவை பற்றி: பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு. இரண்டாவதில் மயிரிழையில் தவறிய பிள்ளை திரும்ப எழுதலாம், நானே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆனால் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில் புள்ளி எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். ஏறாவிட்டால், அதே ரியூசன், அதே மேசை, அதே குறிப்பு மூன்றாவதில் புதிதாக ஒன்றும் செய்யாது. பதிவு செய்துகொண்டே திரும்ப எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். அனுமதிக் கைநூலில் அதற்குரிய விதிகள் உள்ளன. பெற்றோரோடு உட்கார்ந்து அந்தப் பகுதியைச் சொல் சொல்லாக வாசியுங்கள்.

மூன்றாம் தடவை:
சேர், எனக்கு முதல் தடவைக்கும் இரண்டாவதுக்கும் நன்றாக ஏறியது. பௌதிகவியல் மட்டும்தான் இழுத்தது. அதனால்தான் துணிகிறேன்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்:
அப்படியென்றால் எழுதுங்கள் பிள்ளை. விண்ணப்பத்தையும் நிரப்பி வையுங்கள்.

கரையூர்:
கடற்றொழில் விஞ்ஞானம் பற்றி இன்னும் யாரும் விரிவாக எழுதவில்லை. நான் அதைத்தான் படிக்கிறேன். அப்பப்பா முதல் அண்ணன் வரை எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் இந்தப் பாடத்தை எடுத்ததும் அண்ணன் ‘மீன் பிடிக்கப் படிக்க வேணுமோ’ என்று கேட்டார். இப்போது அவரே என்னிடம் கேட்கிறார்.

கடலேரி முழுக்கக் கடலட்டைப் பண்ணைகள் வந்துவிட்டன. பூநகரிப் பக்கமும் தீவுப்பகுதியும் வலை வேலியாகத் தெரிகிறது. சிலருக்கு நல்ல வருமானம். சிறு தொழிலாளிகள் பாதை மறிக்கப்படுகிறது, இறால் வரத்துக் குறைகிறது என்கிறார்கள். இரண்டு பக்கமும் சத்தம் பெரிது. ஒரு பரப்புக்கு எத்தனை அட்டை விடலாம், அடியிலுள்ள சேதனப் பொருள் அதற்குப் போதுமா, அதே இடத்தில் கடற்புல் என்ன ஆகிறது என்பதை அளந்து சொல்ல ஆள் வேண்டும். அந்த அளவைக் கொழும்பிலிருந்து வந்து ஒரு நாளில் எடுத்துவிட முடியாது. சோளகக் காற்றுக் காலத்திலும் எடுக்க வேண்டும், வாடைக் காற்றுக் காலத்திலும் எடுக்க வேண்டும். மழைக்குப் பிறகு கடலேரியின் உவர்த்தன்மை விழும்போதும் எடுக்க வேண்டும். இந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைகள்தான் அதற்குப் பொருத்தம் என்று நான் நினைக்கிறேன்.

வேலைக்கு நாரா (தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம்), நக்டா (தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை), கடற்றொழில் திணைக்களம், நண்டு இறால் பதனிடும் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாடு என்று வழிகள் உண்டு. கதவு அகலம் என்று சொல்ல மாட்டேன். இதிலேயே முழுதாக இறங்க விரும்பினால் மாத்தறையில் றுகுணுப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனிப் பீடமே இருக்கிறது, அதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

அறிவியல்நகர்:
விவசாய பீடத்திலிருந்து எழுதுகிறேன். 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் இடம்பெயர்ந்து, மீண்டும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகிறது. கப்பூதூரானின் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. விவசாயம் தொடக்கத்திலேயே நான்கு வருடச் சிறப்புப் பட்டம். இடையில் வடிகட்டி மூன்று வருடத்தோடு அனுப்பும் ஏற்பாடு இல்லை. விவசாயத் திணைக்களம், வங்கிகளின் விவசாயக் கடன் பகுதி, விதை மற்றும் பூச்சிநாசினி நிறுவனங்கள் எல்லாம் இந்தப் பட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும்.

ஆனால் இது முழுக்க உயிரியல் என்று நினைத்து வரவேண்டாம். மண், நீர்ப்பாசனம், பொருளியல், விரிவாக்கம், கால்நடை எல்லாம் வரும். எங்கள் வெங்காயத்தின் இலை சுருண்டு முறுகும் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். தாவரவியல்காரர் அந்தப் பங்கசை வளர்த்து அடையாளம் காண்பதில் நிற்பார். நாங்கள் எந்த இனத்தை நடுவது, எப்போது நடுவது, மருந்துச் செலவு போக விவசாயிக்கு என்ன மிஞ்சும் என்பது வரை போவோம். எது உங்கள் மனதுக்குப் பிடிக்கிறதோ அதைப் பாருங்கள்.

ஆய்வுகூடப் பிள்ளை:
சுருக்கமாக: மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், தாதியியல் மூன்றும் இங்கேயே இருக்கின்றன. நான்கு வருடம். முடித்தபின் தொழில்சார் பதிவு உண்டு, வேலை தெளிவு. சித்த மருத்துவமும் இருக்கிறது, அது தனி வழி, தனி ஈடுபாடு வேண்டும். வைத்தியசாலைச் சூழல் பிடித்தவர்கள் இவற்றை உயிரியல் விஞ்ஞானத்துக்கு மேலே எழுதுங்கள். பிடிக்காதவர்கள் வேலைக்காக மட்டும் எழுத வேண்டாம். காலையில் வரிசையாக வரும் இரத்த மாதிரிகளை ஒவ்வொன்றாக, ஒரு இலக்கமும் மாறாமல், வருடக்கணக்காகப் பார்ப்பதற்கு ஒரு பொறுமை தேவை.

கப்பூதூரான்:
எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்டல்மரம் அக்கா, பட்டதாரி அண்ணா சொன்னதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகாவிட்டால் என் நிலையும் அதுதானா?

கண்டல்மரம்:
பட்டதாரி அண்ணாவின் கோபம் நியாயமானது. அவரை மறுக்க வரவில்லை. ஆனால் படிப்பையே குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

சிறப்புப் பட்டத்துக்கு முதல் இரண்டு வருடப் புள்ளிகளைக் கொண்டுதான் தெரிவு செய்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது உறைக்கும்போது இரண்டாம் வருடம் பாதி போய்விடும். உயர்தர அலுப்பில் முதல் வருடத்தை ஓய்வாக எடுத்துக்கொள்வார்கள். தம்பி, நீங்கள் முதல் வாரத்திலேயே எந்தப் பாடத்தில் சிறப்பு வேண்டும், அதற்கு என்ன சராசரி தேவை என்று துறையில் கேட்டு எழுதி வையுங்கள். இரசாயனவியலைப் பாரமாக நினைத்து விடாதீர்கள். உயிரியல் பிள்ளைகளின் சராசரியை இழுப்பதும் அதுதான், பின்னால் ஆய்வுகூட வேலைகளில் கை கொடுப்பதும் அதுதான்.

பொதுப் பட்டத்தோடு வந்தாலும் பாதை அடைபடவில்லை. பேராதனையில் உள்ள பட்டப்பின் விஞ்ஞான நிறுவனத்தில் முதுமாணி செய்து மேலே போனவர்களை நான் அறிவேன். நேரமும் காசும் அதிகம் போகும், அவ்வளவுதான். ஆசிரியர் சேவையும் இருக்கிறது. வன்னிப் பாடசாலைகளில் உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் கலைப்பிரிவுக்குப் போவதைப் பார்த்தவள் நான். அந்த வேலையைக் குறைவாக யாரும் பேசக் கூடாது.

இன்னொன்று. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் பெருகும் என்று நாங்கள் எல்லோரும் படித்தோம். எங்கள் கரையோரத்தில் கைவிடப்பட்ட படகுகளிலும் கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பிகள் வளர்வதை இந்தப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள்தான் எடுத்துக் காட்டினார்கள், உலக ஆய்விதழில் வந்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதன் பின்னர் நகரங்களில் மலேரியாவைப் பரப்பக்கூடிய ஆனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புது நுளம்பு மன்னாரில் இருப்பது வெளியே வந்தது. குழாய்முனையால் குடம்பியை உறிஞ்சி வெள்ளைத் தட்டில் விட்டு, உருப்பெருக்கியில் மயிர்களை எண்ணி இனம் பிரிக்கும் பிள்ளைகள் இல்லாவிட்டால் இவை தெரியவே வந்திராது. ‘பயோ சயன்ஸ் படித்து என்ன செய்வாய்’ என்று கேட்ட ஆசிரியருக்கு இதைச் சொல்லுங்கள்.

பட்டதாரி வலிகாமம்:
தங்கச்சி, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நானும் உயிரியலைக் குறை சொல்லவில்லை. இத்தனை பேரை உள்ளே எடுத்தால், நான்காம் வருடத்துக்கு இத்தனை பேருக்கு இடம் என்பதையும் அனுமதிக் காலத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறேன். முதல் நாளே தெரிந்தால் பிள்ளை முதல் நாளிலிருந்தே ஓடும். எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக்கொண்டு போகிறது. சுண்ணாம்புக்கல் நிலம், வருடம் முழுவதும் ஓடும் ஆறும் இல்லை, போடும் உரமும் மலக்குழிக் கசிவும் அப்படியே கீழே இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பிரதேச சபைக்கு ஒரு உயிரியல் அல்லது இரசாயனப் பட்டதாரியை நியமித்துக் கிணறுகளை ஒழுங்காகப் பார்க்க வைத்தால் எங்களுக்கும் வேலை, ஊருக்கும் நன்மை. படித்தவர்களையும் பிரச்சினையையும் ஒரே ஊரில் வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்க்காமல் இருக்கிறார்கள்.

கப்பூதூரான்:
எங்கள் கிணறு உவர்தான் அண்ணா. குடிதண்ணீர் பவுசரில் வருகிறது. அப்பா இதை வாசித்துவிட்டு நீண்ட நேரம் பேசவில்லை, பிறகு ‘உனக்குப் பிடித்ததைப் போடு’ என்றார். ஒழுங்கை இப்படி எழுதியிருக்கிறேன்: முதலாவது யாழ்ப்பாணம் உயிரியல் விஞ்ஞானம், இரண்டாவது யாழ்ப்பாணம் விவசாயம், மூன்றாவது பேராதனை உயிரியல் விஞ்ஞானம், நான்காவது வவுனியாப் பல்கலைக்கழகம், ஐந்தாவது கொழும்பு உயிர்இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும். கடைசியாக உள்ளது எனக்கு மிகவும் விருப்பம், ஆனால் கிடைக்காது என்றுதான் கீழே போட்டேன்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்:
தம்பி, நான் மேலே எழுதியதை இன்னொருமுறை வாசியுங்கள். மிகவும் விருப்பம் என்றால் அது முதலாவது வரியில் இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த வரி யாழ்ப்பாணம், ஒன்றும் குறைந்துவிடாது. கொழும்பில் தங்கிப் படிக்கும் செலவுக்கு வீடு தாங்குமா, மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தாலும் மீதிக்கு என்ன வழி என்பதை மட்டும் அப்பாவோடு பேசி முடிவெடுங்கள். தாங்காதென்றால் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

கப்பூதூரான்:
பேசினோம் சேர். சித்தப்பா வெள்ளவத்தையில் இருக்கிறார், தங்கலாம் என்றார். மேலே மாற்றிவிட்டேன். அக்கா, கடைசியாக ஒன்று. தெரிவு வெளிவந்து பதிவு நடக்கும் வரை பல மாதம் வீட்டில் இருக்க வேண்டும். அதுவரை என்ன படிக்கலாம்?

கண்டல்மரம்:
உயிரியலைத் திரும்பப் படிக்க வேண்டாம், அது வரும். புள்ளிவிபரவியலைத் தொடங்குங்கள். நான்காம் வருட ஆய்வில் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். மாதிரிகளையெல்லாம் சேர்த்துவிட்டு, அவற்றை வைத்து என்ன சொல்லலாம் என்று தெரியாமல் நிற்பார்கள். சராசரி, நியம விலகல், இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு உண்மையானதா தற்செயலா என்று சோதிப்பது, இவ்வளவும் போதும். ஆர் என்ற மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். கிணறு உவர் என்றீர்கள். அயலிலுள்ள கிணறுகளின் உவர்த்தன்மையை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து அதையே எண்களாகப் போட்டுப் பாருங்கள். மின்கடத்துதிறன் அளக்கும் சிறிய கருவி என்னிடம் ஒன்று இருக்கிறது. தனிமடல் அனுப்புங்கள், தந்துவிடுகிறேன்.